உன் நெஞ்சுக்கு நான் போட்ட எண்கள்

இன்று காலை ஆய்வுக்கூடத்தில் இசிஜிக்காக நெஞ்சில் ஒட்டும் எலெக்ட்ரோடு பாக்கெட் ஒன்றைப் புதிதாகப் பிரித்தேன். ஜெல் வாசனை மூக்கில் ஏறியதும் உன் குரல்தான் கேட்டது: "மச்சி, ஐஸ் மாதிரி கீதுடா!" அன்று நீ நெளிந்ததில் ஒட்டியதெல்லாம் பிய்ந்து வந்தது.

அடையாறில், மனித இதயத்தைக் கம்ப்யூட்டரில் துடிக்கவைத்துப் பார்க்கும் எங்கள் வேலைக்கு யார் சட்டையைக் கழற்றிப் படுப்பார்கள்? சிநேகிதர்கள்தான் அகப்படுவார்கள். முடியில் எலெக்ட்ரோடு ஒட்டாது என்று உன் நெஞ்சைச் சதுரம் சதுரமாகச் சிரைத்துவிட்டேன். அடுத்த வாரமே உன் மகளுக்குக் காதுகுத்து. மயிலாப்பூர் கோயிலில் நீ சட்டையைக் கழற்ற, உன் மாமியார் முதல் குருக்கள் வரை சிரித்தார்கள். "சயின்ஸுக்குக் குட்த்துட்டேன்" என்று மார்தட்டிக்கொண்டாய். மானம் போனது எனக்குத்தான்.

"உள்ள போய்ப் பாக்காமலே எப்புட்றா சொல்லுவ?" என்று கேட்டாய். நியாயமான கேள்வி. இதயத்தில் பிறக்கும் மின்சாரம் ரத்தம், நுரையீரல், தசை, கொழுப்பு எல்லாவற்றையும் கடந்துதான் தோலுக்கு வருகிறது. எது எவ்வளவு கடத்துகிறது என்று உயிரோடு இருப்பவனை அறுத்து அளக்க முடியுமா? உத்தேசமாக எண்களைப் போட்டு, கம்ப்யூட்டர் வரையும் அலை உன் இசிஜியோடு ஒத்துப்போகும்வரை மாற்றிக்கொண்டே இருப்போம். வேதனை என்னவென்றால், வேறு வேறு எண்களுக்கும் ஏறக்குறைய அதே அலை வரும். எது உன்னுடையது என்று கடைசிவரை தெரியாது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தி.நகர் கடைத்தெருவில் துணிப்பையோடு நடந்தவன் அப்படியே சரிந்தாய். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அதற்கு மேல் யாராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

காரியம் முடிந்த பிறகு, ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டில் உன் மனைவி கேட்டாள்: "அண்ணா, 'என் நெஞ்சு அவன் கம்ப்யூட்டர்ல இருக்கு'ன்னு உங்களப் பத்தி அவரு பெருமையா சொல்வாரு. அதுல பாத்து, ஏன் இப்படி ஆச்சுன்னு சொல்லுங்களேன்."

பார்த்தேன்டா. எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். எதைப் போட்டாலும் உன் இதயம் ஒழுங்காகத் துடித்தது. நீ சிரித்துக்கொண்டு படுத்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் கம்ப்யூட்டரால் திருப்பிச் சொல்ல முடிகிறது. அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இவ்வளவு படித்து என்ன கிழித்தேன் என்று இருந்தது.

"தெரியலைம்மா" என்றேன்.

"பரவால்லண்ணா. எப்பவாச்சும் தெரிஞ்சா சொல்லுங்க."

அந்த 'எப்பவாச்சும்' என்னை விடவில்லை. பொங்கல், தீபாவளி என்று உன் வீட்டுக்குப் போகிறேன். அவள் மறுபடி கேட்டதே இல்லை. நான் உட்கார்ந்ததும் டிவியை மட்டும் அணைத்துவிடுகிறாள்.