வீட்டுக்குள்ளும் சாக்ஸ்

மார்ச் 4

சர்க்கரை நோயாளிகளுக்கான சுவரொட்டி இன்று அச்சுக்குப் போனது. மேலே கறுத்த விரல்களோடு ஒரு கால். கீழே, தினமும் காலைக் கழுவித் துடைப்பது, உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது, சின்னப் புண்ணானாலும் எங்கள் மருத்துவமனைக்கு வருவது. கத்தரிக்கோல் (மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர்) கீழ்ப்பாதியை வெட்டிவிட்டார். "படமே பேசும்மா. படிக்க யாருக்கு நேரம் இருக்கு?" பயிற்சி வகுப்பில் நான் சொல்லிக்கொடுப்பது வேறு. பயத்தை மட்டும் காட்டினால் ஆள் நோயைத் தடுக்கப் பார்க்கமாட்டான், பயத்தை மறக்கத்தான் பார்ப்பான்; பயத்தோடு அவன் கையால் ஆகிற வழியையும் காட்ட வேண்டும். வாய்வரை வந்தது. எதற்கு வம்பு என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மார்ச் 11

அண்ணன் பஸ் ஓட்டும் பணிமனைக்குப் போய், ஓட்டுநர்கள் ஓய்வறையில் நானே ஒட்டிவிட்டு வந்தேன். அண்ணனுக்குச் சர்க்கரை முற்றிக்கொண்டிருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. ஒரு புண் ஆறாமல் போனால் காலுக்கே ஆபத்து என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கால் போனால் பஸ் போச்சு. பஸ் இல்லாத அண்ணனை நினைக்கவே பயமாக இருக்கிறது. அண்ணன் வீட்டு மாடியில் குடியிருக்கும் நான் இறங்கிப்போய்ச் சொன்னால், கீழ்வீட்டு மகாராஜா "சரிங்க டாக்டரம்மா" என்று டிவி சத்தத்தைக் கூட்டுவார். இனி படம் சொல்லட்டும்.

மார்ச் 12

"சாப்பிடுற மேசைக்கு நேரா ஒட்டிட்டுப் போயிருக்கியே, நல்லா இருப்பியா நீ?" என்றார் அண்ணன். சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 2

அண்ணன் வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போடுகிறார். வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியபோது அசையாத மனிதர். மனிதன் மாறுவது படிப்படியாக: முதலில் யோசிக்கவே மாட்டான், பிறகு யோசிப்பான், தயாராவான், அப்புறம்தான் செய்வான். இவர் ஒரே தாவலில் கடைசிப் படிக்கு வந்துவிட்டார். மாறுகிறவனைப் பாராட்ட வேண்டும், நெருக்கக் கூடாது. அதுவும் என் பாடம்தான். பாராட்டினேன். "சாக்ஸ் நல்ல பழக்கம்ணா. விட்டுடாதீங்க."

டிவியைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றார்.

ஏப்ரல் 19

அண்ணி மாடிக்கு வந்தார். "படுக்கும்போதுகூட கழட்ட மாட்டேங்கிறார். கேட்டா என் தங்கச்சி சொன்னான்னு சொல்றார்." எனக்குக் கொஞ்சம் பெருமைதான். "அது கிடக்கட்டும், வீட்ல ஏதோ நாத்தம். எலி செத்துக் கிடக்குதோ என்னவோ." கீழே போய் அவரோடு சேர்ந்து அலமாரியை நகர்த்திப் பார்த்தேன். எலி இல்லை.

ஏப்ரல் 23

அண்ணனுக்குக் காய்ச்சல், நடுக்கம். சாக்ஸை வெட்டித்தான் எடுக்க முடிந்தது.

படத்தில் இருந்த கால். அதே கால்.

எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு? கண்ணு இருக்கு, மூக்கு இருக்கு — எலியைத் தேடினேனே, பாவி.

ஏப்ரல் 25

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மே 6

இன்றுதான் அண்ணன் பேசினார், சுவரைப் பார்த்தபடி. "நீ அதை ஒட்டினப்பவே கட்டைவிரல்ல ஒரு கொப்புளம் இருந்துச்சு. சின்னதுதான். உன்கிட்ட காட்டலாம்னு இருந்தேன். படத்தைப் பார்த்ததும், சரி, நம்ம கதையும் இதுதான்னு தோணிருச்சு. பார்த்தாத்தானே பயம். மூடிட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா."

"நல்ல பழக்கம்னு சொன்னியே. அதுக்கப்புறம் என்னத்தச் சொல்றது?"

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கொப்புளத்துக்கு வழி இருந்தது. வெட்டிப்போட்ட பாதியில் இருந்தது. ஊருக்கு உபதேசம் செய்கிறவள் கூடப்பிறந்தவனைப் பார்த்த லட்சணம் இது.

மே 9

சுவரொட்டிக்கு நல்ல பேராம். இன்னும் அச்சடிக்கப் போகிறார்களாம். கத்தரிக்கோல் தாளை நீட்டினார். கையெழுத்துப் போடவில்லை. "உங்க அண்ணனுக்கு ஆனது வருத்தம்தாம்மா, அதுக்காக..." என்று ஆரம்பித்தார். அதற்காகத்தான் சார், என்றேன்.

மே 20

பணிமனைக்குப் போய்ச் சுவரொட்டியைக் கிழித்தேன். அண்ணன் பஸ்ஸில் ஓடின கண்டக்டர் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "எடுத்தது நல்லதும்மா. அதைப் பார்த்தா சோறே இறங்காது" என்றார். வெளியே நல்ல வெயில். அவர் செருப்புக்குள் தடித்த சாக்ஸ் போட்டிருந்தார்.

நான் பார்ப்பதைப் பார்த்து, கால்களை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

வகுப்பில் சொல்லும் படிகள் எதுவும் ஞாபகம் வரவில்லை. தரையில் உட்கார்ந்தேன். "கழட்டுங்கண்ணே. திட்ட மாட்டேன். சின்னதா இருந்தா ஆத்திடலாம், நானே கூட்டிட்டுப் போறேன்."

சாப்பாட்டை மூடி வைத்தார். பிறகு வலது காலை மட்டும் நீட்டினார். சாக்ஸ் குதிகாலோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் கேட்டு வாங்கி, நனைத்து நனைத்து, மெதுவாக உரிக்க ஆரம்பித்தேன்.