பதினொரு முகங்களுக்குக் கீழே

மார்ச் 3, திங்கள்

ரத்ததானக் குழுவுக்கு இணையதளம் செய்து தருகிறேன் என்று எந்த நேரத்தில் வாய்விட்டேனோ. இன்று கந்தர்வக்கோட்டையில் தலைவர் உதயசூரியனைப் பார்த்தேன். முந்திரி வியாபாரி. ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் பேசுவது போலவே என்னிடமும் பேசினார்.

"பக்கத்துல ஒரு பட்டை வருமாமே, சைடுபாரு. அதுல நம்ம ஆளுங்க படத்தை வரிசையாப் போட்டுரும்மா வனிதா. என் படம் மேல."

நான் நினைத்து வைத்திருந்தது வேறு. சைடுபாரில் ரத்த வகை வாரியாகக் கொடையாளர்களின் பெயர், ஊர், போன் நம்பர். அவசரத்துக்கு வருகிறவர் வேறு எதைத் தேடப்போகிறார்? சொன்னேன். நன்றாகத் தலையாட்டினார். ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

மார்ச் 5

படங்கள் வந்துவிட்டன. பதினொன்று. அதில் எட்டுப் பேர் கூலிங் கிளாஸ். செயலாளர் விக்ரம் துபாயில் யாருடைய காரிலோ சாய்ந்து நிற்கிறார். தலைவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு எங்கோ தூரத்தில் பார்க்கிறார். இவர் 'ஹலோ' சொன்னால்தான் உலகம் சுற்றும் போல! படத்துக்கு அடியில் அவருடைய நம்பரும் வேண்டுமாம். கொட்டை எழுத்தில்.

மார்ச் 8

விக்ரமின் வாய்ஸ் மெசேஜ், நாலு நிமிடம். பொருளாளருக்குக் கீழே தன் படம் இருப்பது முறையில்லையாம். "கல்யாண ஃப்ளெக்ஸ்லகூட என்னைய ரெண்டாவதாத்தாங்க போடுவாங்க."

மார்ச் 9

மாற்றினேன். பொருளாளர் கோபித்துக்கொண்டார். மறுபடி மாற்றினேன்.

மார்ச் 12

பட்டியலையாவது மேலே வைக்கலாம் என்று கடைசியாக ஒரு முறை கெஞ்சிப் பார்த்தேன். தலைவர் சிரிக்கிறார். "மூஞ்சியைப் பார்த்தாத்தாம்மா நம்பிக்கை வரும். வெறும் நம்பரை வச்சு எவன் கூப்புடுவான்?"

மூஞ்சி! இந்த மூஞ்சிகளைப் பார்த்தால் நோயாளி எழுந்து ஓடிவிடுவான்.

ஆனால் இவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரில்தான் சைடுபார் பக்கவாட்டில் நிற்கும். போனில் திறந்தால் எல்லாவற்றுக்கும் அடியில் போய் விழுந்துவிடும். இங்கே யார் கம்ப்யூட்டரில் பார்க்கிறார்கள்? தலைவர் உரை, ஆண்டு விழாப் படங்கள் எல்லாம் முடிந்து, அதலபாதாளத்தில் இந்தப் பதினொரு பேரும் கிடப்பார்கள். லேப்டாப்பில் காட்டினேன். ஆளாளுக்கு அந்தத் திரையைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்துக்கொண்டார்கள். முட்டாள்கள்.

பட்டியல்? அதுவும் அவர்களுக்கும் கீழேதான். தனியாக எடுத்து மேலே வைக்கப் பத்து நிமிடம் போதும். ஏன் வைக்கணும்? சொன்னபோது கேட்டார்களா? கிடக்கட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

திறப்பு விழா. ஒருவருக்கொருவர் சால்வை போட்டுக்கொண்டார்கள். என் தங்கை கலைமதி எட்டு மாத வயிற்றோடு வந்திருந்தாள். போனில் திறந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, நம்பரையே காணோம்?" என்றாள்.

"கீழ போ."

"போயிக்கிட்டேதான் இருக்கேன்."

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

ஏப்ரல் 11, வெள்ளி

தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமா?

காலையில் கலைமதிக்கு வலி வந்து புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினொரு மணிக்குப் பெண் குழந்தை. ஆனால் கலைமதிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. பி நெகட்டிவ். நர்ஸ் ஓடி வந்து, "தெரிஞ்ச டோனர் இருந்தா ஒடனே வரச்சொல்லுங்க" என்றார்.

போனில் திறந்தேன். நான் செய்த தளம். தலைவர் உரை — தள்ளினேன். ஆண்டு விழாப் படங்கள் — ஒவ்வொன்றும் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. தள்ளு, தள்ளு. சனியன், எவ செஞ்சா இதை? நாந்தான். வேணும்னே செஞ்சேன். கலை உள்ள கெடக்குறா, நான் ஆண்டு விழாப் படத்தைத் தள்ளிக்கிட்டு நிக்கிறேன்.

பட்டியல் வரவில்லை. காதில் போனோடு அந்த முகம்தான் முதலில் வந்தது. கீழே கொட்டை எழுத்தில் நம்பர். அழுத்தினேன்.

முதல் மணியிலேயே எடுத்தார், திரையில் என் பெயரைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அழுகையில் நான் என்ன சொன்னேனோ. "என்ன குரூப்பு? எந்த வார்டு? வையிங்க, வாரேன்." அவ்வளவுதான். யார் பேசுவது என்றுகூடக் கேட்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு பேர் வந்தார்கள், அதில் ஒருவர் கறம்பக்குடியிலிருந்து டூவீலரில். பின்னாலேயே தலைவரும் வேர்க்க விறுவிறுக்க வந்தார். என்னைப் பார்த்த பிறகுதான், "அட, நம்ம வனிதாவா! ஏம்மா, பேரைச் சொல்லக் கூடாதா?" என்றார்.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 12

கலைமதி கண் விழித்துப் பேசினாள். பிள்ளைக்கு யார் ஜாடை என்று கேட்டாள்.

ஏப்ரல் 14

கஞ்சி குடித்தாள்.

ஏப்ரல் 17, வியாழன்

தலைவர் போன் செய்தார். கலைமதியை விசாரித்த கையோடு, "புதுசா ஒரு படம் எடுத்துருக்கேம்மா, பழசை மாத்திருவமா?" என்றார். திருந்துகிற ஆளா! அனுப்பியும் விட்டார். இதிலும் காதில் போன்தான். கூடுதலாகக் கூலிங் கிளாஸ்.

"மாத்திர்றேண்ணே" என்றேன். மாற்றினேன்.

பிறகு கொடையாளர் பட்டியலைத் தூக்கிப் பக்கத்தின் உச்சியில், தலைவர் உரைக்கும் மேலே வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்தேன். ஒன்பது நிமிடம் ஆயிற்று.