ஆறு கணினிகளுக்கு ஒரு முகப்பு

ஏப்ரல் 27, திங்கள்

காற்றே இல்லை. காலையிலேயே மேசையில் கை ஒட்டுகிறது.

பெண்கள் வகுப்புக்குக் கணினிகள் வந்துவிட்டன. ஆறு. கொழும்பில் ஏதோ அலுவலகம் கழித்துவிட்டவை. நினைவகம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஒரு விசைப்பலகைக்குள் செத்த பல்லி.

எல்லாவற்றிலும் லினக்ஸ். விண்டோஸ் வாங்க வழியில்லை. பிரச்சினை முகப்பு: திரையில் பெண்கள் பார்க்கப்போகும் பட்டியல், சாளரம், படம் எல்லாம். லினக்ஸில் அது ஒன்றல்ல, நாமே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கே.டி.ஈ. – தமிழில் வரும். அழகு. கனம்.
எக்ஸ்.எஃப்.சி.ஈ. – பழைய பெட்டியிலும் ஓடும். பாதிக்கு மேல் ஆங்கிலம்.

என்னோடு வகுப்பு எடுக்கப்போகும் காரைதீவு வசந்தி: "தமிழ் இல்லாம அதுகள் என்னத்தக் கண்டு அமத்துற? படம் பாத்தா?"

ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன், என் மூத்தவள், ராத்தா, பழக. அவள் இத்தாவில்: கணவன் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருப்பது. வெளியே வர முடியாது. மே நடுவில் முடியும். முடிந்ததும் வகுப்பில் எங்களுக்கு உதவிக்கு வருவாள். சுனாமியில் கடல் வந்த நாளுக்குப் பிறகு அவள் 'ஓம்' என்று சொன்ன முதல் வேலை. இது கெட்டுவிடக் கூடாது.

ஏப்ரல் 29, புதன்

ராத்தா வெள்ளைச் சேலையில், ஜன்னலை மூடிய அறையில், திரை வெளிச்சத்தில். கே.டி.ஈ. போட்டுக் கொடுத்தேன். ஒரு பட்டியலைத் திறக்க, தேநீர் ஆறிப்போகும்.

"இது ஆர்ட தமிழ்டா? எங்கட ஊர்ல ஒருத்தரும் இப்பிடிக் கதைக்கிறல்லியே."
"இந்தியாவுல ஆரும் எழுதியிருப்பாங்க."
"அவங்களும் கதைக்க மாட்டாங்க."

சிரித்தாள். உம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தா, யார் சிரிக்கிறது என்று.

மச்சான், ராத்தாவின் மாப்பிள்ளை, கடல் வந்த அன்று காலை வள்ளம் பார்க்கக் கரைக்குப் போனவர். மையித்து, அவருடைய உடல், கிடைக்கவில்லை. ஊரே இத்தா இருக்கச் சொன்னது. "மையித்தக் காட்டுங்க, இரிக்கன்" என்றாள். நாலு வருடம் அதே பதில். கடைசியில் நாலு வருடம் பொறுத்தாகிவிட்டது, இனி மவுத்து என்றே எடுக்கலாம் என்று பெரியவர்கள் சொல்ல, ஜனவரியில் மறுபேச்சில்லாமல் இத்தாவில் உட்கார்ந்தாள். அந்த மௌனத்தை நான் நம்பவில்லை. இப்போதும்.

மே 3, ஞாயிறு

வானொலி முழுக்க வன்னி யுத்தம். உம்மா அணைத்துவிட்டா.

கணினியைத் திறந்தேன். எதை அழுத்தினாலும் தவறாக ஏதோ திறக்கிறது. மவுஸ் இடமும் வலமும் மாறியிருக்கிறது. எழுத்துகள் புளியங்கொட்டை அளவு. பிறகுதான் கண்டேன்: உள்ளே நுழைந்திருப்பது ராத்தாவின் பெயரில் இல்லை. நவாஸ். மச்சானின் பெயர்.

"இவருக்கும் ஒண்டு வெச்சன்" என்றாள், வெங்காயம் உரித்தபடி. "இடக்கைக்காரர்தானே. கண்ணும் மங்கல். உனக்கு வெச்ச மாதிரி வெச்சா அவருக்கு ஏலா."

புதுப் பயனர் சேர்க்க நான்தான் கற்றுக்கொடுத்தேன். பயிற்சிக்கு ஏதாவது பெயர் போடு என்றேன். என்ன பெயர் என்று கேட்கவில்லை.

ஒரு நாவலை மூன்று வாரமாக வைத்திருக்கிறேன். பக்கம் நகரவில்லை.

மே 9, சனி

உம்மா கண்டுவிட்டா. கே.டி.ஈ. திறக்கும்போது எல்லாப் பயனர் பெயரையும் வரிசையாகக் காட்டும், பக்கத்தில் சின்னப் படத்தோடு. உம்மா தமிழைக் கூட்டி வாசிப்பா. வாசித்துவிட்டா.

"என்டல்லா. இத்தா இரிக்கிறவள் மாப்பிளைட பேர விளக்குப் போல ஏத்தி வெச்சிரிக்காள். நாளைக்கு வகுப்புல நாலு பொம்புளயள் கண்டா என்ன செல்லுவாங்க? மனசில இத்தா இருக்கல்ல எண்டு செல்லுவாங்க. இன்னும் அவரப் பாத்துக்கிட்டு இரிக்காள் எண்டு."

ராத்தா: "பாத்துக்கிட்டுத்தான் இரிக்கன். இத்தா இருக்கச் சொன்னீங்க, இரிக்கன். பாக்காத எண்டு ஆரும் சொல்லல்ல."

சோறு யாரும் சரியாகத் தின்னவில்லை.

மே 12, செவ்வாய்

முடிவு: எக்ஸ்.எஃப்.சி.ஈ. ஆறிலும். நினைவகம் போதாது என்று வசந்தியிடம் சொன்னேன். உண்மை. அதில் நுழையும்போது பெயர் வரிசை வராது, வெறும் கட்டம்தான், தெரிந்தவர் பெயரைத் தட்டிக்கொள்ள வேண்டும். நவாஸ் உள்ளே இருக்கட்டும், யாருக்கும் தெரியாது. இதைச் சொல்லவில்லை.

வசந்தி சண்டை பிடிக்கவில்லை. அவளுடைய அண்ணன் வன்னியில். பெப்ரவரிக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. "எதையெண்டாலும் போடுங்க" என்றாள். தமிழுக்காக அத்தனை கத்தியவள்.

பட்டியல்களுக்குத் தமிழில் சின்னத் துண்டு எழுதி ஒவ்வொரு திரைக்கும் மேலே ஒட்ட வேண்டும். பசை வாங்க.

மே 17, ஞாயிறு

இத்தா முடிந்தது. குளித்தாள். உம்மா எடுத்துவைத்த பச்சைச் சேலை. ஏழைகளுக்குச் சோறு. வந்த பெண்கள் அவளுடைய முகத்தையே பார்த்தார்கள், ஏதோ மாறியிருக்க வேண்டும் என்பது போல.

பின்னேரம் கணினி முன்னால் வந்து உட்கார்ந்தாள். புது முகப்பு. வெறும் கட்டம்.

"பேரெல்லாம் எங்க?"
"இதுல காட்டாது ராத்தா. மெமரி காணாது, அதான்."
"மெமரி." என் பக்கம் திரும்பவில்லை. "அவர ஒளிச்சி வெக்கத்தானே இதப் போட்டாய்?"

நினைவகமும் காரணம்தான் என்று மறுபடி தொடங்கினேன். கேட்கவில்லை. எழுந்து போய்விட்டாள். வகுப்புக்கு வருவாளா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

மே 19, செவ்வாய்

யுத்தம் முடிந்தது. கல்முனைப் பக்கம் முழுக்கப் பட்டாசு வெடி. சந்தியில் வெற்றிக்குப் பாற்சோறு கொடுக்கிறார்களாம். வாப்பா கேற்றைப் பூட்டிவிட்டு, வெளிவிளக்கை மட்டும் எரியவிட்டார். வீடு இருட்டாக இருந்தால் ஏன் கொண்டாடவில்லை என்று கேள்வி வரும்.

எனக்கு நிம்மதியா? ஓம், கொஞ்சம். அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, வசந்தியை நினைத்தால்.

அவளே அழைத்தாள். "எங்கட அண்ணன் இரிக்கானா இல்லையா எண்டு இனி ஆருட்டப் போய்க் கேக்கிற?" ராத்தா போனை என் கையிலிருந்து வாங்கினாள். நீண்ட நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். வெளியே வெடி. கடைசியில்: "நாலு வருசம் நான் பாத்தன் வசந்தி. பாக்காதிங்க எண்டு செல்ல எனக்கு வாய் வராது."



மே 20, புதன்

அதிகாலை சுபஹ் தொழுதுவிட்டு ராத்தா என்னை எழுப்பினாள். "அவர்ட பேர எடு. ஒளிச்சி வெக்காத. எடு."

"நிச்சயமா?"
"கேக்காத. எடு."

கறுப்புத் திரையில் கட்டளை தட்டினேன். ஒரு வரி. போய்விட்டது. சத்தமோ கேள்வியோ இல்லை.

"இடக்கைக்கு மாத்தி வெச்சதெல்லாம்?"
"அதெல்லாம் அப்பிடியே கிடக்கும். பேர் மட்டும்தான் போகும்."
"காட்டு."

கோப்புகளை வரிசையாகக் காட்டினேன். உரியவர் பெயர் வரும் இடத்தில், நேற்றுவரை நவாஸ் என்று இருந்த இடத்தில், 1001.

"இது ஆரு?"
"மச்சான்தான். பேர் போனா கணினிக்கு ஆளத் தெரியா. இலக்கம்தான் நிக்கும்."

திரையில் விரல் வைத்தாள். எடுக்கவில்லை.

"அண்டைக்குக் கடக்கரையில குழி வெட்டி மையித்தெல்லாம் ஒண்டாத் தாட்டாங்களே," என்றாள், "அதுகளுக்கு ஒரு இலக்கமும் போடல்ல."

வகுப்புக்குப் போக ஆட்டோ வந்து நின்றது. வயர்களைக் கழற்றி, பெட்டியை அவளே தூக்கினாள்.