மூடக்கூடாத துளை

கொற்கை விண்கலம், காவல் நாட்குறிப்பு
எழுதுபவர்: பேச்சியம்மாள், பதிவுப் பொறியாளர்

கைமாற்று நாள் 1, காலை 09:10

காற்று சரி. தண்ணீர் சரி. திசை சரி. பூமிக்கு இன்னும் ஐந்து வருஷம் இரண்டு மாதம்.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கலத்தில் நாலு பேர். ஒருவர் விழித்திருப்போம், மூவர் பெட்டிக்குள் உறங்குவோம். ஆளுக்கு ஆறு மாதக் காவல். இப்போது என் முறை முடிகிறது. அடுத்து என் வீட்டுக்காரர் ஆறுமுகநயினார், பிறகு தலைவர் ரெஜினா, பிறகு மருத்துவர் ஜமால்தீன், மறுபடி நான். கைமாற்றும் எட்டு நாள் மட்டும் இருவர் சேர்ந்து விழித்திருக்கலாம்.

உறங்கப் போகிறவரின் மூளையைக் கைமாற்று முதல் நாளே பதிவு செய்துவிட வேண்டும். மீதி ஏழு நாள் உடம்பைத் தயார் செய்ய. எழுப்பும்போது அந்தப் பதிவைத்தான் திரும்ப ஏற்றுவோம். அது இல்லாமல் எழுப்பினால் உடம்பு எழும், ஆள் எழ மாட்டார். பதிவுக்குப் பின் நடந்த எட்டு நாளும் மறந்துபோகும். அதற்காகத்தான் இந்தக் குறிப்பு. என் பதிவு இன்று எட்டு மணிக்கு முடிந்தது, ஆகவே இந்த வரிகூட எனக்கு நினைவிருக்காது.

நயினாரும் நானும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எட்டு நாள் குடித்தனம் நடத்துகிறோம். அது அவருக்கு நினைவிருக்கும், எனக்கு இருக்காது. என்ன நியாயமோ. அவர் அந்த நாட்களைப் படம் பிடித்து, நான் எழுந்ததும் பார்க்கட்டும் என்று வைத்துவிட்டுப் படுப்பார். நான் ஒன்றையும் பார்த்ததில்லை. யாரோ ஒருத்தி என் புருஷனோடு சிரித்துக்கொண்டிருப்பாள், எனக்கு வயிறு எரியும்.

மதியம் அவரை எழுப்பும் வேலை. வர வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. மனுசன் எழுந்ததும் அதைத்தான் முதலில் கேட்பார்.

கைமாற்று நாள் 1, மாலை 16:40

அவரை எழுப்பவில்லை.

நாலு பேரின் பதிவும் இரண்டு இடத்தில் இருந்தன. ஒன்று கலத்தின் நினைவகம். இரண்டு மாதம் முன் சூரியப் புயலில் அது கருகியது. சில்லுகளை மாற்றினேன். வேலை செய்கிறது, ஆனால் இன்று காலை ஏற்றிய என் பதிவைத் தவிரக் காலி. மற்றது வெளி ஹார்ட் டிஸ்க், உள்ளே தட்டு சுழலும் பழைய வகை. கதிர்வீச்சை அது தாங்கும் என்று கொடுத்தனுப்பினார்கள். தேய்மானம் ஆகாமல் இருக்கக் கைமாற்றும்போது மட்டும்தான் அதைச் சுழல விடுவோம். கருகிய அன்றே அதிலிருந்து நகல் எடுத்திருக்க வேண்டும். கைமாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறப் போட்டேன். இருக்கிற ஒரே பிரதியை இரண்டு மாதம் அப்படியே விட்டு வைத்த பதிவுப் பொறியாளர் நான்.

இன்று மின்சாரம் கொடுத்தேன். டக். டக். டக். பத்து நொடியில் அணைத்துவிட்டேன்.

புயலுக்குப் பின் தரையிலிருந்து திரும்ப வாங்கிய பழைய குறிப்பைப் புரட்டினேன். ரெஜினா: "டிஸ்க்கில் லேசாகச் சத்தம்." ஜமால்தீன்: "டிஸ்க் சத்தம் கூடியிருக்கிறது, கவனிக்கவும்." எழுதியவர்கள் எழுதிவிட்டுப் படுத்துவிட்டார்கள். கவனிக்க வேண்டியவளாக நான் மாட்டிக்கொண்டேன்.

கைமாற்று நாள் 2, காலை 10:25

டிஸ்க்கின் வெளிக்கூட்டைக் கழற்றினேன். காரணம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

டிஸ்க் சூடானால் உள்ளே காற்று விரியும், ஆறினால் சுருங்கும். மூச்சு விட அதன் மூடியில் கடுகளவு துளை ஒன்று உண்டு. பக்கத்திலேயே பெரிய எழுத்தில் "இந்தத் துளையை மூடாதீர்" என்றும் போட்டிருக்கும். அந்தத் துளையின் மேல் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம். நடுவில் குங்குமம்.

காய்ந்து வெடித்திருக்கிறது. ஒவ்வொரு முறை சுழன்று ஆறும்போதும் அந்தப் பொடியை உள்ளே இழுத்திருக்கிறது. தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் நடுவே ஒரு தூசிக்குக்கூட இடம் கிடையாது. உள்ளே போனது குங்குமம்.

இரண்டு வருஷம் முன் நான் உறங்குவதற்கு முன்தினம் ஆயுத பூஜை. என் குறிப்பில் ஒரே வரி இருக்கிறது: "பூஜை முடிந்தது. சுண்டல் உண்டு, பொரி இல்லை. சாமான் நயினாருடையது." சொந்தச் சாமான் ஆளுக்கு ஒரு கிலோ என்றபோது சந்தனக் கட்டியும் குங்குமமும் கொண்டுவந்த ஆள். ரெஜினா மாதா கோயில்காரி, ஜமால்தீன் தொழுகைக்காரர். நானோ டிஸ்க் வேலையிலேயே தலை நரைத்தவள். மிச்சம் யார்?

பக்திமான். நாலு பேர் உயிருக்குப் பொட்டு வைத்திருக்கிறார்.

கைமாற்று நாள் 2, பிற்பகல் 15:50

தரைநிலையத்திலிருந்து பதில். பணியில் புனிதவதி:

"மேடம், இனிமே அதை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதீங்க. ஆன் பண்ணா ஒரே மூச்சுல எடுத்துடணும். ஒரு ஆளோட ஃபைலுக்கு அஞ்சு மணி நேரம். மூணு பேரு, பதினஞ்சு மணி நேரம். டிஸ்க் பத்து மணி நேரம் தாங்கும்னு இங்க கணக்குப் போடறாங்க. அதுக்கு மேல அதிர்ஷ்டம்தான். யாரை முதல்ல எடுக்கிறதுங்கறதை நீங்களே முடிவு பண்ணிக்கச் சொல்றாங்க. இங்க யாரும் சொல்ல மாட்டோம். மன்னிச்சிருங்க மேடம். இன்னொண்ணு, நயினார் சாரோட பெட்டிக்குப் பதினெட்டு மாசம் முடியுது. நாலு நாளுக்குள்ள அவரை எழுப்பியே ஆகணும், ஃபைல் இருந்தாலும் இல்லாட்டியும்."

கைமாற்று நாள் 3, காலை 06:00

நேற்று இரவு முழுக்க வரிசை எழுதி எழுதி அடித்தேன்.

முதலில் நயினார் என்று எழுதினேன். எவள்தான் எழுத மாட்டாள்? பிறகு அந்தப் பொட்டு கண்ணில் பட்டது. வினை விதைத்தவர் முதல் பந்தியில் உட்காருவாரா? பேச்சி தன் புருஷனை இழுத்துக்கொண்டு எங்களைக் கைவிட்டாள் என்று மற்ற இருவரும் நாளை சொல்லவும் கூடாது. இந்த இரண்டாவது காரணம் பார்க்க நல்ல காரணம்போல இருக்கிறது. உண்மையான காரணம் முதலாவது. கோபம்.

வரிசை: ஜமால்தீன், ரெஜினா, நயினார்.

துளையைத் துடைத்துவிட்டேன். காய்ந்த சந்தனம் நகத்துக்குள் ஏறிக்கொண்டது. மின்சாரம் கொடுக்கிறேன்.

நாள் 3, 11:20

ஜமால்தீன் முழுதாக வந்துவிட்டார். பழுதில்லை. டிஸ்க் கை வைக்க முடியாத சூடு. விசிறி வைத்திருக்கிறேன்.

நாள் 3, 17:05

ரெஜினா வந்தாயிற்று. மூன்று இடத்தில் படிக்கவில்லை. தாண்டிப் போய்த் திரும்பி வந்து எடுத்தேன். இரண்டு கிடைத்தது. ஒன்று போயிற்று. அவருக்கு ஏதோ ஒரு பாட்டோ, ஒரு தெருவோ மறந்திருக்கும். பரவாயில்லை.

பதினோரு மணி நேரம். தரை சொன்ன கணக்கைத் தாண்டியும் ஓடுகிறது. இனி நயினார்.

நாள் 3, 19:40

நாற்பத்தாறு சதவீதம். சத்தம் வரும்போதெல்லாம் டிஸ்க்கைத் தடவிக் கொடுக்கிறேன். பைத்தியக்காரி. வாடா ராசா, இன்னும் கொஞ்சம்.

நாள் 3, 21:02

எழுபத்தொன்று. நின்றுவிட்டது.

நாள் 5, காலை 08:30

நேற்று முழுக்கப் போராடினேன். ஆறவிட்டேன், திருப்பி வைத்தேன், சாய்த்து வைத்தேன். தட்டில் வட்டமாகக் கீறல் விழுந்திருக்கிறது. எழுபத்தொன்றோடு சரி. மூளைப் பதிவில் பாதி, முக்கால் என்று கிடையாது. ரெஜினாவுக்குப் போல ஒரு புள்ளி போனால் பரவாயில்லை, ஒரு பங்கே குறைந்தால் ஏறாது.

கீறல் படாத ஓரத்திலிருந்து அவருடைய சொந்தச் சாமான் மட்டும் வந்தது. நான் பார்க்காமலே விட்ட படங்கள். ஆள் போய்விட்டார், படம் வந்திருக்கிறது.

முதலில் எடுத்திருந்தால் ஐந்து மணி நேரத்தில் வந்திருப்பார். முதலில் எடுத்திருந்தால். எத்தனை முறை எழுதினாலும் அதே வரிதான் வருகிறது.

நாள் 6, 12:15

பெட்டி கெடு முடிந்தது. காவலுக்கு ஆள் வேண்டுமே என்று ரெஜினாவை முதலில் எழுப்பினேன். நன்றாக எழுந்தார். பிறகு அவரை.

கண் திறந்தது. மூச்சு சீராக இருக்கிறது. வாயில் வைத்தால் விழுங்குகிறார். விளக்கைப் பார்க்கிறார். கூப்பிட்டேன். இன்னும் விளக்கைத்தான் பார்க்கிறார்.

ரெஜினா அழுதார். பிறகு தலைவராகிக் கேட்டார்: "பேச்சி, பொட்டு வச்சது யாருன்னு நிச்சயமாத் தெரியுமா? தெரிஞ்சா எழுதிரு. நான் தரைக்கு அனுப்பணும்லா."

நாள் 7, 14:10 [எழுதியவரால் அழிக்கப்பட்டது]

படத்தைப் பார்த்தேன். தரைக்குச் சாட்சி வேண்டுமே என்று, அவர் பொட்டு வைப்பதைக் காட்டலாம் என்றுதான் திறந்தேன்.

காமிராவைப் பிடித்திருப்பது அவர். பொட்டு வைப்பது நான்.

அவர் குரல்: "ஏளா பேச்சி, அதுல வைக்காத. ஓட்டைய மூடாதன்னு எழுதியிருக்குல்லா."

நான்: "எல்லா மிசினையும் கூடு கழத்தித் தொடச்சுப் பொட்டு வச்சாச்சு. நம்ம உசிரு இதுக்குள்ளதான் இருக்கு, இதுக்கு வைக்காம இருக்கலாமா? எனக்கே டிஸ்க் பாடம் நடத்துதியளோ?"

"சரி, பூச முடிஞ்சதும் நான் தொடச்சிருதேன்."

"சாமிக்கு வச்சதத் தொடைக்கவா? தொட்டியன்னா பாருங்க. என் தலையில கைய வச்சு சத்தியம் பண்ணுங்க, தொடைக்க மாட்டேன்னு."

ஒரு கை வந்து என் தலையில் படுகிறது. அவர் சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன்.

பிறகு இன்னொரு படம், நான் உறங்கிய பின் எடுத்தது. அவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். "பேச்சி, நீ எந்திரிச்சதும் மொத வேலையா இதப் பாரு. உன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன், நான் அதத் தொட மாட்டேன். நீயே தொடச்சிரு. ஞாபகப்படுத்தத்தான் இது. சாப்பிட்டியா?"

எழுந்து ஆறு மாதம் ஆகிறது. வயிறு எரியும் என்று பார்க்காமல் விட்டேன்.

அவர் எதிரே உட்கார்ந்து விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதோடு நான் இருக்க முடியாது. இருக்கவும் வேண்டாம். நாளை உறங்கினால், எழும்போது கைமாற்று முதல் நாள் காலை எட்டு மணிப் பேச்சிதான் எழுவாள். அவளுக்கு எதுவும் தெரியாது. குறிப்பு என்ன சொல்கிறதோ அதைத்தான் நம்புவாள். அவரால் மறுத்துப் பேசவும் முடியாது.

இந்தப் பதிவையும் படங்களையும் அழிக்கிறேன். அழிப்பது என்றால் பட்டியலில் பெயரை அடிப்பது மட்டும்தான், மேலே வேறு எழுதும்வரை உள்ளே கிடக்கும். அடியோடு அழிக்கத் தனிக் கட்டளை இருக்கிறது. அதைக் கொடுக்கக் கை வரவில்லை. அவர் சிரிப்பு அதில் இருக்கிறது.

கைமாற்று நாள் 8, 09:00

டிஸ்க் பழுது குறித்த இறுதி அறிக்கை. காரணம்: காற்றுத் துளை மேல் சந்தனம், குங்குமம். வைத்தவர்: ஆறுமுகநயினார். உடனிருந்தவர் எச்சரித்தும் கேட்கவில்லை.

உறங்கப் போகிறேன்.

காவல் நாள் 3, காலை 11:30
(ஒரு வருஷம் கழித்து)

காற்று சரி. தண்ணீர் சரி. திசை சரி.

எழுந்து மூன்று நாள். என் கணக்கில் நாலு நாள் முன்புதான் மூளைப் பதிவுக்கு உட்கார்ந்தேன், மதியம் அவரை எழுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டே. குறிப்பைப் படித்தேன். மறுபடி படித்தேன். கைமாற்று நாள் 2, நாள் 3, கடைசி அறிக்கை. எச்சரித்தும் கேட்கவில்லையாம். இந்த மனுசன் என்றைக்கு என் பேச்சைக் கேட்டார்?

ஜமால்தீன் கைமாற்றின் கடைசி நாள்தான் என்னை எழுப்பி, ஒப்படைத்துவிட்டுப் படுத்தார். அவர் எழுதி வைத்திருப்பது: "நயினார் அண்ணனுக்குக் கஞ்சி மூணு வேளை. வெள்ளிக்கிழமை அவங்க டப்பாவுலேர்ந்து நெத்தியில கொஞ்சம் வச்சு விடுறேன். அவங்களுக்குப் பிடிக்கும்லா." நல்ல மனிதர்.

நான் டப்பாவைக் குப்பையில் போட்டேன், அவர் கண் எதிரிலேயே. அவர் நெற்றியில் இருந்ததை ஈரத் துணியால் துடைத்தேன். வலிக்கிற மாதிரியேதான் துடைத்தேன். முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். "உம்மாலதான், எல்லாம் உம்மாலதான்" என்று சொல்லிச் சொல்லித்தான் ஊட்டுகிறேன். விழுங்குகிறார்.

இனி எந்தப் பதிவும் தொலையக் கூடாது என்று நினைவகம் முழுக்க மீட்புக் கருவியை ஓட்டினேன். அழிக்கப்பட்டவை மூன்று அகப்பட்டன. ஒரு குறிப்பு, இரண்டு படம். அழித்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

நான் எதற்கு அழித்தேன்? படங்கள் அவர் எடுத்தவை, தேதி அந்த ஆயுத பூஜை. மறந்த நாளை நான் பார்ப்பதில்லை. ஆனால் அவர் பேசிக் கேட்க இனி இது ஒன்றுதான் மிச்சம்.

கஞ்சி ஆறட்டும். நாற்காலியைத் திருப்பி அவரையும் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன். திறக்கிறேன்.