மூப்பனுக்குத் தாடி கிடையாது

பிப்ரவரி 11, செவ்வாய்

துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் எங்கள் கிளியரிங் ஆபீஸுக்கு வருகிற போன் எல்லாம் ஒரே ரகம். கன்டெய்னர் எங்கே, எப்போது வெளியே வரும். இன்று வந்தது வேறு. "ஐரீன் மேடமா? உங்க குள்ளர்களைப் பத்திப் பேசணும்."

சினிமா டைரக்டராம். பேர் சுயம்பு. ஒரு பேய்ப்படம் எடுத்திருக்கிறார். ஆறு வருஷம் முன்னால் நான் எழுதிய 'உலைக்குடி' நாவலைப் பழைய புத்தகக் கடையில் பிடித்தாராம். (யார் கொண்டுபோய்ப் போட்டது? வாங்கின எல்லாரையும் எனக்குத் தெரியுமே.) அதைப் படமாக எடுக்க வேண்டுமாம்.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்கு அடியில், உடைந்த கப்பல் இரும்பை உருக்கிப் பிழைக்கும் குள்ளர்கள். மேலே நடப்பவர்களுக்கு அவர்கள் இருப்பதே தெரியாது. மார்க்கெட்டை இடிக்க ஆள் வரும்போது அவர்களின் தலைவன் மூப்பன் முதல்முறையாக மேலே ஏறி வருகிறான். இது படமா? யார் பார்ப்பார்கள்?

வீட்டுக்கு வந்து வில்சனிடம் சொன்னேன். என் தம்பி. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்; அம்மா போன பிறகு எரிந்து விழவும் வேறு ஆள் கிடையாது. வஞ்சிரம் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தவன் நிமிராமலே சொன்னான்: "அப்ப நான்தான்க்கா மூப்பன்."

பிப்ரவரி 12, புதன்

காலையில் குளியலறைக்குள்ளிருந்து மூப்பன் வசனம். மோட்டார் ரிப்பேரா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சுயம்பு வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. கதவைத் திறந்தது வில்சன். எல்லாரும் செய்வதையே அவரும் செய்தார். முதலில் காற்றைப் பார்த்தார், பிறகு குனிந்தார்.

வில்சனின் உயரம் மூன்றடி பத்தங்குலம். ராயபுரம் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில், உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்வரை யாருக்கும் தெரியாது. ஷிஃப்ட் முடிந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும்போதுதான், கொஞ்ச நேரம் முன்னால் அவனிடம் திட்டு வாங்கியவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்த நேரத்துக்காகவே அவன் ரெயில்வேயில் இருக்கிறான் என்று எனக்குச் சந்தேகம்.

"மேடம், சார்தான் நமக்கு வேணும்!" என்றார் சுயம்பு. வில்சன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "டூப்புக்கு" என்று அடுத்த வார்த்தை வந்தது.

உயரமான நடிகர் ஒருவர் மூப்பனாக நடிப்பாராம். கம்ப்யூட்டரில் அவரைச் சுருக்கிவிடுவார்களாம். தூரத்து ஷாட், முதுகுப் பக்கத்து ஷாட் இவற்றுக்கு மட்டும் வில்சன்.

"முதுவுக்கு வசனம் உண்டா?" என்றான் வில்சன்.

"வசனம் இல்ல சார். ஆனா தாடி உண்டு. பெரிய தாடி, பின்னாலேந்து பாத்தாலும் ரெண்டு பக்கமும் தெரியணும்."

இங்கே நான் புகுந்தேன். என் குள்ளர்களுக்குத் தாடி கிடையாது. புத்தகத்திலேயே இருக்கிறது: உலைக்குடியில் தாடி வளர்த்தவன் ஒருவன்தான், அவனுக்கு இப்போது கருகினான் என்று பேர்.

"மேடம், குள்ளர்னா தாடி, கோடாலி, தோல் பூட்ஸ். உலகம் பூரா அப்படித்தான். தாடி இல்லேன்னா ஜனங்க சின்னப் பசங்கன்னு நினைச்சுப்பாங்க."

"உலைக்கு முன்னால நிக்கிறவன் எப்படித் தாடி வெப்பான்? சாத்தாங்காட்டுல கேஸ் கட்டிங் பண்றவங்களைப் போய்ப் பாருங்க."

"ஃபேன்டசில லாஜிக் பாக்கக் கூடாது மேடம்."

"நெருப்பு பாக்குமே."

சிரித்தார். தாடி மட்டும் இறங்கவில்லை. சனிக்கிழமை மேக்கப்காரரை அனுப்புகிறாராம், தாடியை ஒட்டிப் பார்க்க. துரத்திவிடலாம் என்று இருந்தேன். வில்சன்தான், "வரட்டும்க்கா. கிட்டக்க வந்து என் மூஞ்சப் பாத்தா மனசு மாறும்" என்றான்.

மாறுமா? நாற்பத்தொரு வயது ஆள் இப்படி நம்பலாமா? நான் மட்டும் என்ன, ஐந்து நாளாக மூப்பன் என்று நினைத்தாலே வில்சன் முகம்தான் வருகிறது. எழுதும்போதும் அதுதான் வந்தது.

பிப்ரவரி 22, சனி

ஒட்டினார்கள். தாடி முட்டி வரைக்கும். தெருவில் விளையாடிய பிள்ளை ஒன்று எட்டிப் பார்த்து, "கிறிஸ்மஸ் தாத்தா இன்னும் ஊருக்குப் போகல" என்று அம்மாவைக் கூப்பிட்டது. மேக்கப்காரர் படம் எடுத்து சுயம்புவுக்கு அனுப்பினார். முன்பக்கம் ஒன்று, முதுகு ஏழெட்டு.

பிப்ரவரி 24, திங்கள்

கோந்து போகவில்லை. தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய், கடைசியில் என் நெயில் பாலிஷ் ரிமூவர். பாதித் தாடியோடு டூட்டிக்குப் போனான். கவுண்டரில் ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டு, "சாமி, எண்ணூர் ஒண்ணு" என்றாராம். இவனும் ஆசீர்வாதம் செய்து டிக்கெட் கொடுத்திருக்கிறான்.

மார்ச் 2, ஞாயிறு

பூசை முடிந்து பாஸ்குக் கூட்டம். ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறு மாலை எங்கள் கோவில் மைதானத்தில் பாடுகளின் நாடகம். துணிமணிப் பொறுப்பு எப்போதும்போல என்னிடம். ஃபாதர் ரோமில் நாலு வருஷம் படித்தவர். அங்கிருந்து ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறார்: யூதருக்குத் தாடி, ரோமருக்கு மழித்த முகம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் முகவாயைப் பார்த்தே யார் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும்.

வில்சன் எழுந்து நின்றான். "ஃபாதர், இந்த வருசம் எனக்கு பிலாத்து குடுங்க."

ஒரு சிரிப்பு ஓடியது. கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் தொல்லை, கெட்ட சிரிப்பாக இருந்தால் சண்டை போடலாம்.

"சக்கேயுவுக்கு உன்னை விட்டா யாரு இருக்கா வில்சன்?" என்றார் ஃபாதர். பத்தொன்பது வயதிலிருந்து அவன் சக்கேயு. குட்டையாக இருந்ததால் ஆண்டவரைப் பார்க்க மரத்தில் ஏறிய வரிவசூல்காரன். வருஷா வருஷம் அதே பிளைவுட் மரம், அதே கைத்தட்டல். இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லும் ரோம கவர்னர் பிலாத்து எப்போதும் அருள்பிரகாசம்தான். ஆறடி ஒரு அங்குலம், சாத்தாங்காட்டில் இரும்புக் கடையில் வேலை, சாயங்காலம் ஜிம். வில்சனுக்கு உயிர் தோஸ்து.

வில்சனை அளவெடுக்க வந்திருந்த சுயம்பு மைதானத்துச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தது அருள்பிரகாசத்தை. அந்தத் தோள், அந்தத் தாடை. "மேடம், எனக்கு மூப்பன் கெடச்சுட்டார். புதுமுகம்!"

ஆறடி ஒரு அங்குலத்தைத் தேடிப் பிடித்து, செலவு பண்ணிச் சுருக்கப் போகிறார்கள். மூன்றடி பத்து பக்கத்திலேயே நிற்கிறது.

அருள் ஓடி வந்தான். "மாமு, நீ வேணான்னா நான் வேணான்றேன்டா."

"போடா, நடி. எனுக்கு இன்னா" என்றான் வில்சன். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் டி.வி. முன்னால் உட்கார்ந்தான். அது அணைந்துதான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு அருள்பிரகாசம் வந்து நின்றான். சுயம்பு கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம், சொந்தத் தாடி வளர்க்க வேண்டும், இன்றிலிருந்து பிளேடு படக் கூடாது. "ஃபாதரு கிட்ட நீங்க சொல்லுங்கக்கா. எனுக்கு பயமா கீது."

தாடி வைத்த பிலாத்து! நான் ஏன் சொல்ல வேண்டும்?

மார்ச் 9, ஞாயிறு

சொன்னேன். ஃபாதர் கொதித்தார். முகத்தை மழிக்கச் சம்மதிக்கிற, வசனம் தெரிந்த ஆள் வேண்டும், ஐந்து வாரத்தில். சுற்றிப் பார்த்தார். எல்லாரும் ஏற்கெனவே தாடி வேஷக்காரர்கள், இல்லாவிட்டால் வேலைப் பளு உள்ளவர்கள். ரோமப் படைவீரன் வேஷக்காரன் ஒருவன் இருக்கிறான், ஆனால் மைக்கைக் கண்டால் திக்கும்.

"பிலாத்து வசனம் எனக்கு மனப்பாடம் ஃபாதர்" என்றான் வில்சன். "மரத்து மேல குந்திகினு எத்தினி வருசம் கேட்டுகினு கீறேன்."

ஃபாதருக்கு வேறு வழி இல்லை. காலியான சக்கேயு, தாடியோடு நின்ற அருள்பிரகாசத்துக்குப் போனது.

"குட்டை ஆளாச்சே ஃபாதர்?" என்று கேட்டேன்.

"கூட்டத்துல அவனைவிட உயரமா நாலு பேரை நிறுத்து" என்றார். ராயபுரத்தில் எங்கே போவேன்?

மார்ச் 20, வியாழன்

சுயம்பு ஒப்பந்தத்தை அனுப்பிவிட்டார். மேஜைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. என் பெயர் திரையில் வரும் – ஆசை இல்லை என்று யாரிடம் சொல்வது? நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக ஒருவர் என் கதையைக் கேட்டு வந்திருக்கிறார். ஆனால் தாடி வைத்த, சுருக்கிய அருள்பிரகாசத்தை மூப்பன் என்று எப்படிக் கூப்பிடுவேன்?

வில்சனிடம் சொன்னேன், நீ இல்லாமல் தரமாட்டேன் என்று. கத்தினான்.

"எனுக்காவ ஒண்ணியும் வுட்டுக் குடுக்காதக்கா! அப்புறம் சாவுற வரிக்கும் அத்த நான்தான் சுமக்கணும். பேஜாரு."

"அப்ப முதுகுக்குப் போறியா?"

"போமாட்டேன். இருவது வயசுல கல்யாண மண்டபத்துக்காரன் வந்தான், வாசல்ல கரடி டிரஸ் போட்டுகினு கை குடுன்னு. அப்பவே போவாதவன் நானு. கரடிக்காவது முன்பக்கம் இருந்துச்சு."

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவன் சிரிக்கவில்லை. நானும் என்னதான் பண்ணட்டும்? கையெழுத்துப் போட்டா இவன் முகம் போச்சு, போடலேன்னா என் பழியை இவன் தலையில ஏத்திட்டேன்னு ஆகுது. போங்கடா எல்லாரும்.

ஏப்ரல் 4, வெள்ளி

பிலாத்துவின் அங்கியை இரண்டு முறை வெட்டியும் தரையில் இழுக்கிறது. "இழுக்கட்டும்க்கா, கவர்னருதான" என்கிறான். நாற்காலிக்குக் கீழே படி போட்டேன். எடுக்கச் சொல்லிவிட்டான்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

மைதானம் நிறைந்திருந்தது. தன் மூப்பனை மேடையில் பார்க்க சுயம்புவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அருள்பிரகாசம் மரத்தில் ஏறினான். அந்த மரம் வில்சனுக்காக அடித்தது. இயேசு வந்து அண்ணாந்து பார்த்து, இறங்கி வா என்று கூப்பிட வேண்டும். கூப்பிடுவதற்கு முன்பே சக்கேயு இறங்கிவிட்டான், கிளையோடு. இயேசு வசனத்தை விட்டுவிட்டு "அடி பட்டுதாடா?" என்றார், மைக்கில். விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஃபாதர் கண்ணை மூடிக்கொண்டார். சாந்தமாக ஜெபித்த மாதிரி தெரியவில்லை.

அந்தச் சிரிப்பு அடங்காமலே பிலாத்து காட்சி வந்துவிட்டது. அங்கி இழுபட வில்சன் நடந்து வந்தான். சிரிப்பு இன்னும் கொஞ்சம் ஏறியது. அவன் அவசரப்படவில்லை. நாற்காலியைப் பிடித்து, முட்டியை ஊன்றி, ஏறி உட்கார்ந்தான். கூட்டத்தைப் பார்த்தான். கவுண்டரில் வரிசை ஒழுங்காக நிற்கும்வரை டிக்கெட் தராமல் பார்ப்பானே, அதே பார்வை. தானாக அடங்கியது. யாரோ ஒரு பையன் மட்டும் இருமினான், அவனையும் பார்த்தான்.

பிறகு கட்டிக் கொண்டுவந்த இயேசுவிடம் "கிட்டே வா" என்றான். ஒத்திகையில் இது கிடையாது. இயேசு வந்தார். "இன்னும் கிட்டே." அவர் குனிய வேண்டியதாயிற்று. வில்சன் அந்த முகத்தை அவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல், இவரிடம் நான் குற்றம் எதுவும் காணவில்லையே என்றான். சிலுவையில் அறையும் என்று மேடைக் கூட்டம் கத்த வேண்டிய இடத்தில் கத்தவே இல்லை. பின்னாலிருந்து நான் கிள்ளிய பிறகுதான் ஒருத்தி கத்தினாள். இந்தப் பழி தனக்கில்லை என்று அவன் கை கழுவியபோது தண்ணீர் விழும் சத்தம் எனக்குக் கேட்டது.

எனக்குத் தெரிந்த வில்சன்தானா? இல்லை, எனக்குத் தெரிந்தவன்தான். மற்றவர்கள் இன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

முடிந்ததும் சுயம்பு மேடைக்குப் பின்னால் வந்தார். இந்தத் தடவை காற்றைப் பார்க்கவில்லை. வில்சன் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"சார், மூப்பன் பத்திப் பேசலாமா?"

"நாளைக்கு காலைல டூட்டி. கவுண்டருக்கு வா. லைன்ல நிக்கணும்."

ஏப்ரல் 14, திங்கள்

நின்றாராம். அவருக்குப் பின்னால் மீன்கூடையோடு நின்ற அம்மா, டிக்கெட் எடுக்காமல் இன்னா கதை பேசிகினு கீற என்று திட்டும்வரை. வில்சன் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறான்: "எங்கக்கா எழுதின மாரி. தாடி கெடையாது."

அருள்பிரகாசம் கட்டுப் போட்ட முழங்கையோடு வந்தான். அவனுக்கு இடிக்க வரும் ஆட்களின் தலைவன் வேஷமாம். "இப்ப தாடிய எடுத்துரட்டாக்கா? செம அரிப்பு."

ஏப்ரல் 15, செவ்வாய்

கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

லீவு போட்டுவிட்டு எண்ணூர் போனேன். நெட்டுக்குப்பம் பக்கத்தில் ஷூட்டிங். மூப்பன் மேலே ஏறி வந்து இடிக்க வந்தவர்களைத் தடுக்கும் காட்சி. வில்சனுக்கு முகத்தில் கரி மட்டும். மழித்த முகவாய் வெயிலில் பளபளத்தது.

அவனுக்கு எதிரே அருள்பிரகாசமும் இன்னும் நாலு தடியர்களும். ஃபிரேமில் எல்லாரும் வர வேண்டும் என்று உதவி டைரக்டர் ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வந்து வில்சன் காலடியில் வைத்தார். வில்சன் பெட்டியைப் பார்த்தான். ஏறவில்லை. என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறப்பதற்குள் சுயம்பு சொன்னார், "அதை எடுங்க. கேமராவை இறக்குங்க."

இறக்கினார்கள், அவன் கண் உயரத்துக்கு. மானிட்டரில் நானும் எட்டிப் பார்த்தேன். நடுவில் வில்சன் முகம், முழுதாக. சுற்றிலும் பெல்ட்டுகள், தொப்பைகள், கைகள். ஒருவருக்கும் தலை இல்லை. கூடவே வளர்ந்தவள் நான். அவன் பார்க்கிற ஊர் இப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஷாட் ஓகே ஆனதும் அருள்பிரகாசம் ஓடி வந்து மானிட்டரைப் பார்த்தான். ரொம்ப நேரம் தேடினான்.

"இன்னாடா மாமு, என் மூஞ்சியே காணோம்?"

வில்சன் அவன் இடுப்பில் தட்டினான். தட்ட அவனுக்கு அதுதான் எட்டும்.

"வுடு மச்சி. முதுவு இல்லல்ல? முன்பக்கம்தான."