பதினேழாம் எண் வீட்டின் நல்ல ஆரோக்கியம்

அனுப்புநர்:
காலமான பம்ப் ஆபரேட்டரின் மனைவி (தையல் வேலை),
மாடி அறை, மருத்துவமனைப் பின் தெரு.
(முன்பு: அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பு, வீட்டு எண் 17)

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கதிரியக்க நீண்டகால உடல்நல ஆய்வு மையம்.

பொருள்: ஆய்விலிருந்து விடுபட்ட என் மகளின் பழைய ஸ்கேன் படங்களைத் தரவும், அவளை மீண்டும் சேர்க்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்தவர். ஆண்டுதோறும் தங்கள் மையத்து வண்டி எங்கள் வாசலுக்கு வரும். மூவரும் ரத்தம் கொடுப்போம். மகளுக்குக் கழுத்தில் ஸ்கேன் எடுப்பார்கள். ஒரு தடவையும் நாங்கள் டிமிக்கி கொடுத்ததில்லை.

2. கணவருக்கு ரத்தப் புற்றுநோய் கண்டதும் வேலை போயிற்று. வேலை போனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. சிகிச்சைக்காக இந்த அறைக்கு வந்தோம். சென்ற ஆண்டு அவர் காலமானார். அதைத் தெரிவிக்க மையத்துக்குப் போனேன். “நீங்கதான் காலி பண்ணிட்டீங்களேம்மா, இப்ப அந்த வீட்ல இருக்கறவங்களைத்தான் பாக்கறோம்” என்றார் எழுத்தர். தன்மையாகத்தான் சொன்னார்.

3. ஆக, தங்கள் ஆய்வு ஆளை விட்டுவிட்டு வீட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டு போகிறது. நோயாளி வெளியேறுகிறார், உடல்தகுதிச் சான்றிதழோடு புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் குடிவருகிறார். பதினேழாம் எண் வீட்டுக்கு இதுவரை ஒரு தலைவலிகூட வந்ததில்லை. எதிர்வீட்டு வெல்டரும் அடுத்த வீட்டு டிரைவரின் சம்சாரமும் இப்படியே கணக்கில் விடுபட்டவர்கள். இருவரையும் புற்றுநோய்ப் பிரிவு வராந்தாவில் பார்த்தேன். எங்கள் பழைய தெருவே அந்த பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறது ஐயா. குடியிருப்பு வாயிலிலோ, பாதிப்பு ஏதுமில்லை என்று தங்கள் அறிக்கை ஒட்டப்பட்டுள்ளது. அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. மறைக்க விரும்பவில்லை.

4. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த என் மகளுக்கு இப்போது கழுத்தில் ஒரு கட்டி. எப்போது தொடங்கியது என்று அறிய மருத்துவர் பழைய படங்களைக் கேட்கிறார். காலி செய்தவர்களுக்குத் தருவதற்கில்லை என்கிறது தங்கள் அலுவலகம். அவள் கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, ஒன்றுமில்லை என்று எனக்குத் தைரியம் சொல்கிறாள். எனக்கு மிஞ்சியிருப்பது அவள் ஒருத்திதான்.

5. எனவே, அப்படங்களை உடனே தந்து, அவளையும் வெளியேறிய மற்றவர்களையும் தேடிப் பரிசோதிக்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன்.

6. சென்ற வாரம், விட்டுவந்த பழைய தையல் மெஷினை எடுக்க அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். குடியிருக்கும் பெண் நிறைமாத கர்ப்பிணி. குழந்தையைப் படுக்கவைக்க எந்த அறை நல்லது என்று என்னிடம் கேட்டாள். மெஷினை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அவளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தாங்களே எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மருத்துவமனைப் பின் தெரு
நாள்: மார்ச் 12

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
பம்ப் ஆபரேட்டரின் மனைவி