தகப்பனாருக்கு ஒரே கட்டம்

தம்பி,

இன்று காலை ஆஸ்பத்திரியில் உன் மகனின் நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை வைத்தார்கள். அவன் கூசி நெளிந்தபோது உன் முகம் தெரிந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

போன சித்திரையில் அதே ஆஸ்பத்திரிக்கு உன்னை நான்தான் கூட்டிப் போனேன். மார் கரிக்கிறது, வியர்க்கிறது என்றாய். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் கேட்டாள்: "உங்க அப்பாவுக்கு ஹார்ட் பிரச்சனை உண்டா?"

"எங்க அப்பச்சி தொண்ணூறு வயசு வரைக்கும் கோயிலுக்கு நடந்தே போனாக. ஒரு மாத்திரை போட்டதில்ல."

அப்பச்சி என்று நீ சொன்னது உன்னைச் சுவீகாரம் எடுத்த தகப்பனாரை. நம்மைப் பெற்றவர் நாற்பதைத் தாண்டியதும் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தார்.

"அது இவனைச் சுவீகாரம் கூட்டுனவுகம்மா. பெத்தவுக மாரடைப்புல போனாக," என்றேன்.

நீ என்னைப் பார்க்கவே இல்லை. "இவுக ஒறவுக்காரவுக. வயசாச்சு, ஏதாவது பேசுவாக. நான் சொன்னதைப் போடு ஆத்தா."

உறவுக்காரனாம்! சுவீகாரத்துக்குப் பிள்ளை கூட்ட வந்தவர்கள் என்னைக் கறுப்பு என்று ஒதுக்கிவிட்டு உன்னைக் கொண்டுபோன நாளிலிருந்து நீ பெரிய வீட்டுப் பிள்ளை. சாகப்போகும்போதும் அதை விடவில்லை.

தகப்பனாருக்கு ஒரே கட்டம்தான் இருந்தது. அதில் 'இல்லை' என்று போட்டாள். நான் நகராமல் நின்றதால், கீழே குறிப்பு என்ற இடத்தில் நான் சொன்னதை ஒரு வரியாகத் தட்டினாள். கடைக்காகக் கம்ப்யூட்டரை நானே தட்டித் தட்டிக் கற்றவன். கட்டத்தில் விழுந்ததை அது முன்னால் கொண்டுவந்து வைக்கும். வாக்கியத்தை யாராவது தேடிப்போய்ப் படித்தால்தான் உண்டு. டாக்டர் அதைத் தேடிப் போகவில்லை. ஈசிஜியும் எடுக்கச் சொல்லவில்லை. "கேஸ் ட்ரபிள்தான்," என்று ஊசி போட்டு அனுப்பினார்.

"பாத்தீகளாண்ணே? வாயுவாம்," என்று காரில் சிரித்தாய். மறுநாள் விடியுமுன் போய்விட்டாய். சுடுகாட்டிலும் நான் உறவுக்காரர்களோடுதான் நின்றேன்.

இன்று உன் மகனிடம் அதே கேள்வி. "அப்பா மாரடைப்புல போனாக," என்றான். 'ஆம்' என்று விழுந்தது. டாக்டர் உடனே நிமிர்ந்து, எல்லாச் சோதனைகளையும் எழுதினார். உண்மையைச் சொல்லியிருந்தால் உனக்குக் கிடைத்திருக்கும் அக்கறை, நீ செத்த பிறகு அவனுக்குக் கிடைக்கிறது.

என் கட்டத்தில் எப்போதும் 'ஆம்'தான். அதனால்தான் என் இதய அடைப்பை முன்னதாகவே பார்த்துச் சரிசெய்தார்கள். நீ வேண்டாமென்று தள்ளிய மனிதர்தான் என்னைப் பிழைக்க வைத்திருக்கிறார். அவர் என் அப்பச்சி. உனக்கு அவரில் பங்கு கிடையாது.